ஆறாம் கோப்பை

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவில், நான் இரண்டு தீர்ப்புச் சொன்னேன். இரண்டும் தப்பு. சொல்லும்போது சரியென்று நம்பித்தான் சொன்னேன் என்று எழுதத் தோன்றுகிறது. அதுவும் முழு உண்மை இல்லை.

எங்கள் ருசி பார்க்கும் குழுவில் ஐந்து பேர். பார்பரெஸ்கோ என்பது வட இத்தாலியில் எங்கள் குன்றுகளின் ஒயினுக்கு உள்ள உயர்ந்த பெயர். அதைச் சீட்டில் போட்டுக்கொள்ள விரும்பும் ஒவ்வொரு ஒயினும் விற்பனைக்குப் போகும் முன் எங்களிடம் வந்தாக வேண்டும். யாருடையது என்று சொல்லமாட்டார்கள். செயலாளர் பக்கத்து அறையில் புட்டிகளுக்கு எண் போட்டு, கோப்பைகளில் ஊற்றி அனுப்புவார். நிறம் பார்த்து, முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பிவிட்டு, தாளில் எழுத வேண்டும். மூன்று தீர்ப்புகள்தான் உண்டு. தகுதி. குறையைச் சரிசெய்து மறுபடி கொண்டுவரலாம். தகுதி இல்லை.

தகுதி என்றால் புட்டியின் கழுத்தில் ஒட்ட அரசாங்க நாடா கிடைக்கும். இல்லையென்றால் ஒயினைக் கொட்டிவிட வேண்டாம். அதே நெபியோலோ திராட்சை, அதே குன்று, ஒரு படி இறங்கி 'லாங்கே நெபியோலோ' என்ற பொதுப் பெயரில் போகும். அதையும் மக்கள் வாங்குவார்கள், குடிப்பார்கள், சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு படி இறங்குவது என்றால் என்ன என்று, பெரிய வீட்டில் வாழ்ந்துவிட்டு அதே தெருவில் வாடகை வீட்டுக்குக் குடிபோனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒயின் கெட்டுப்போகவில்லை. பார்ப்பவர்கள் குரல்தான் மாறும்.

நான் இருபத்தெட்டு வருஷமாகக் கூட்டுறவு ஒயின் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊரில் என்னை 'மூக்கு' என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்தக் கதை அந்தப் பெருமையைப் பற்றியதும்தான்.

என் தம்பி எவாஸியோ இறந்து அப்போது இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஜூலை மாதம், தன் வீட்டு நிலவறைப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷ அக்டோபரில் அவன் மனைவி நிவேஸ் தனியாக அறுவடை செய்தாள், தனியாக ஒயின் போட்டாள். அவள் ரொட்டிக்கடைக்காரர் மகள். கொத்து வெட்டவும் கூடை தூக்கவும் எவாஸியோ அவளை விட்டானே தவிர, பீப்பாய்ப் பக்கம் விட்டதில்லை. "மாவு பிசையற கை இதுக்கு ஆகாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அக்கா நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பார்பரெஸ்கோவுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவள் தனியாகப் போட்ட முதல் ஒயின் அந்த ஜனவரியில்தான் குழுவுக்கு வரவிருந்தது. அது தேறினால் சூரிக் நகரத்து வியாபாரி ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பார்பரெஸ்கோ என்று சீட்டு இருந்தால் மட்டும். தேறாவிட்டால் நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்து தெல்மோவுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். இதை எனக்கு நவம்பரிலேயே சொல்லியிருந்தாள்.

இரண்டரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நிலவறைக்குள் நான் ஒருமுறைகூட இறங்கவில்லை. அந்தப் படியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

அந்த நவம்பர் ஞாயிறும் அவள் கூப்பிட்டாள். அடுப்பில் நெத்திலியும் பூண்டும் எண்ணெயில் கரைந்துகொண்டிருந்தன.

"ஒரு எட்டு கீழ வந்து பாத்துட்டுப் போயேன், க்ளேலியா. எனக்கு யாரு இருக்கா கேக்க?"

"நான் குழுல இருக்கேன் நிவேஸ். முன்னாடியே குடிச்சுட்டா நாக்கு ஞாபகம் வெச்சுக்கும். அப்புறம் எப்படி நியாயமா பாக்கறது?"

"குடிக்காத. மோந்து மட்டும் பாரு."

"மூக்குதான் நாக்கைவிட மோசம்."

"சரி விடு. உன் மூக்குக்கு ஒரு மாதாகோயில் கட்டி மணி தொங்கவிட்டுரலாம்." கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "இல்ல, அதுல ஒரு வாடை..."

நான் கையை உயர்த்தித் தடுத்தேன். "சொல்லாத. என் காதுல விழக்கூடாது."

அவள் நிறுத்திக்கொண்டாள். எனக்குத் தட்டு வைத்தாள். நான் விதிமுறையை மதித்தேன் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எந்த விதியும் அண்ணன் தம்பி வீட்டு நிலவறைக்கு இறங்காதே என்று சொல்லவில்லை. முன்னதாகக் குடித்திருந்தால் அன்றைக்கு மட்டும் விலகியிருந்தால் போதும். வேறு ஒருவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு விதி வேண்டியிருந்தது, அந்தப் படிக்கு முன்னால் பிடித்துக்கொள்ள.

*

ருசி பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் நான் பூண்டு தொடமாட்டேன், வாசனை சோப்பு போடமாட்டேன். அந்த வியாழக்கிழமையும் வெறும் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனேன். வெளியே பனிமூட்டம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது. வரிசையில் எட்டுக் கோப்பைகள்.

முதல் மூன்றும் சாதாரணம். நான்காவதை மூக்கருகில் கொண்டுபோனதும் என் கை நின்றுவிட்டது.

எவாஸியோ அங்கே இருந்தான்.

இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் அப்பா வாங்கிப்போட்ட பெரிய பீப்பாய் ஒன்றை அவன் கடைசிவரை விடவில்லை. ஈர இரும்பு, பழைய கயிறு, ஓரத்தில் லேசாகக் காடியின் காட்டம். "பீப்பாயை மாத்துடா, ஒருநாள் எல்லாம் காடியாப் போயிடும்" என்று வருஷாவருஷம் சொல்லிச் சலித்துப்போன வாடை அது. அவன் ஒயினில் அது ஒரு விளிம்பு மாதிரி நிற்கும், அதற்குப் பின்னால் காய்ந்த ரோஜா வரும். இந்தக் கோப்பையில் விளிம்பு முன்னால் வந்துவிட்டிருந்தது. ரோஜா எங்கோ தூரத்தில் இருந்தது. அவன் இல்லாமல் அந்தப் பீப்பாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நிவேஸ், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

தெரிந்த ஒயின் என்று பட்டால் கையைத் தூக்கி விலகிக்கொள்வது எங்கள் வழக்கம். என் கை மேசைமேலேயே இருந்தது.

குழுத் தலைவர் க்ரிபாவ்தோ தாள்களைப் பார்த்தார். மற்ற நான்கு பேரும் 'மறுபடி கொண்டுவரலாம்' என்று எழுதியிருந்தார்கள்.

"நாலாவதுல காடி ஏறிப்போச்சு. பரிசோதனை அளவு வரம்புக்குள்ளதான் இருக்கு, ஆனா மூக்குக்கு வரம்பு தாண்டிடுச்சு. நீங்க மட்டும் தகுதின்னு போட்டிருக்கீங்க, க்ளேலியா?"

"அது குறை இல்ல, க்ரிபாவ்தோ. பழைய பெரிய பீப்பாய். நம்ம குன்றோட பழைய முகம் இது. இப்ப எல்லாரும் கழுவித் துடைச்சு ஒரே மாதிரி ஆக்கிட்டாங்க, அதனால நமக்கு மறந்துபோச்சு. பின்னாடி ரோஜா இருக்கு, பொறுமையா பாருங்க."

என் வார்த்தைக்கு அங்கே மதிப்பு இருந்தது. மறுபடி முகர்ந்தார்கள். இரண்டு பேர் தாளைத் திருத்தினார்கள். நான்காவது தேறியது.

ஐந்தாவதை நான் கவனித்ததாகவே நினைவில்லை. காது சூடாக இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொந்தக்காரிக்காகப் பேசிவிட்டோம் என்று உள்ளே ஒன்று அரித்தது. அந்த அரிப்போடுதான் ஆறாவது கோப்பையை எடுத்தேன்.

வெளிர் நிறம், தெளிவு. மூக்கில் எரிந்த தீக்குச்சி வாடை. பின்னால் எல்லாம் மூடிக் கிடந்தது. வாயில் துவர்ப்பு இறுக்கிப் பிடித்தது. இந்த வாடை காற்றுப்படாமல் மூச்சுமுட்டிக் கிடக்கும் ஒயினில் வரும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் காற்றாட மாற்றினால் போய்விடும். ஆலையில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரம் நான் சொல்லித்தருவது இதுதான்.

க்ரிபாவ்தோவும் அதையே சொன்னார். "மூச்சுமுட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல. மறுபடி கொண்டுவரட்டும்."

"வாடை மட்டும் இல்ல," என்றேன் நான். "வாடையை எடுத்துட்டா உள்ள என்ன இருக்கு? எனக்கு இதுல நம்ம இடம் தெரியல. இது எந்த ஊர் நெபியோலோவா வேணும்னாலும் இருக்கலாம். நாம நாடா ஒட்டித்தரது சுத்தத்துக்கு இல்ல, அடையாளத்துக்கு."

"ரொம்பக் கறார் பண்றீங்க."

"கறாரா இல்லாட்டி நாம எதுக்கு?"

பேசப்பேச என் காதுச் சூடு ஆறியது. அதை நான் உணர்ந்தேன். முகம் தெரியாத யாரோ ஒருவருக்குக் கடுமை காட்டி, சற்றுமுன் காட்டிய சலுகையைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். கடுமைக்கு எப்போதும் நேர்மையின் முகஜாடை உண்டு, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை, கண்ணாடியில் பார்க்கும் நாமும்கூட. மற்றவர்கள் என் பக்கம் இறங்கிவந்தார்கள். காரணத்தை நானே வாக்கியமாக்கிச் செயலாளருக்குச் சொன்னேன்: திராட்சையின் மணம் வெளிப்படவில்லை, இடத்தின் அடையாளம் இல்லை, பெயருக்குத் தகாது.

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகையில் மனசு லேசாக இருந்தது. இரண்டு தட்டும் சமமாகிவிட்டதுபோல.

*

பதினோரு நாள் கழித்து நிவேஸ் ஆலைக்குப் போன் செய்தாள். "சாயங்காலம் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். தேறிவிட்ட சந்தோஷத்தைச் சொல்ல அழைக்கிறாள் என்று எண்ணி, போகும் வழியில் நல்ல பாதாம் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் கேக் பெட்டியை மேசைமேல் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சமையலறையில் அவளும் தெல்மோவும் உட்கார்ந்திருந்தார்கள். தெல்மோவுக்கு அறுபது வயது. எவாஸியோவோடு ஒரே பெஞ்சில் படித்தவன், ஒரே வேலிக்கு அந்தப்பக்கத்துக்காரன்.

"வாம்மா மூக்கு," என்றான். "கேக்கெல்லாம் எதுக்கு? துக்க வீட்டுக்கு ஒயின் கொண்டுவரணும்."

நிவேஸ் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். நான் எடுக்கவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். அது பைக்குள் இருந்தது. அவளே படித்தாள், ரொட்டிக்கடையில் விலைப்பட்டியல் படிப்பது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

"திராட்சையின் மணம் வெளிப்படவில்லை. இடத்தின் அடையாளம் இல்லை. பெயருக்குத் தகாது." தாளை மடித்தாள். "நல்லா எழுதியிருக்காங்க. படிச்சவங்க."

என் வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தபோது, ஒரு நொடி எனக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு, நான்காவது கோப்பை என்ன ஆயிற்று என்று மனம் தேடியது. அந்தப் பீப்பாய் வாடை பொய்யா?

"அந்தப் பழைய பீப்பாயில தானே வெச்சிருந்த?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது.

நிவேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "உன்கிட்ட சொல்லல. முதல் குளிர்காலமே அதை வெளிய தள்ளிட்டேன். உங்க அப்பா வாங்கினது, உன் தம்பி உசுரா வெச்சிருந்தது, தெரிஞ்சா நீ வருத்தப்படுவேன்னுதான். எனக்கு அதுமேல பயம். காடியாப் போயிடும்னு நீதானே அவர்கிட்ட எப்பவும் சொல்வ."

"நான்தான் தூக்கிட்டுப் போனேன்," என்றான் தெல்மோ. "முற்றத்துல பாதியா அறுத்து ரோஜாச்செடி வைக்கலாம்னு. அப்புறம் பாத்தா மரம் நல்லாத்தான் இருந்துச்சு, ஒயினே ஊத்திட்டேன். என்னோடது பாஸ் தெரியுமா? எனக்கே ஆச்சரியம். ஒரே காடி வாடை, என் பொண்டாட்டி சாலட்ல ஊத்தலாம்ங்கறா. குழுவுல யாரோ புண்ணியவான் எனக்காகப் பேசியிருக்கணும்." வாய்விட்டுச் சிரித்தான். பிறகு நிவேஸைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எவாஸியோ பீப்பாய் ராசி. வேற என்ன?"

நான் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். என் மூக்கு பொய் சொல்லவில்லை. பீப்பாயைச் சரியாகக் கண்டுபிடித்தது. அதை ஒட்டிக்கொண்டு நான்தான் தம்பி வீடு வரை போய்விட்டேன்.

"பேசாம நிலத்தை என்கிட்ட விட்டுரு நிவேஸ்," என்றான் தெல்மோ எழுந்துகொண்டே. அவன் கெட்டவன் இல்லை. நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னான். "நீ கடைப்பக்கம் போ. குன்றுல குளிருக்கு நிக்கற வயசா உனக்கு?"

அவன் போனபின் நிவேஸ் கேக் பெட்டியைத் திறந்து, கத்தியால் ஒரு துண்டு வெட்டி என் முன்னால் வைத்தாள்.

"தீர்ப்புச் சொன்ன நாள்ல இருந்து முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாமாம். பண்ணணுமா, க்ளேலியா? நீ சொல்லு. உனக்குத் தெரியும்."

"யோசிக்கணும்," என்றேன்.

"எனக்கு என்ன தோணுதுன்னா, அவங்க சொன்னது சரிதான். அவரு சொல்வாரே, மாவு பிசையற கைன்னு. ஐஞ்சு பேர் பேர் தெரியாம, ஆள் தெரியாம உக்காந்து குடிச்சுட்டு அதையேதானே சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல என்ன மேல்முறையீடு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் இருந்த கேக்கை விழுங்கினேன். நல்ல கேக்.

*

அடுத்த பதினேழு நாளும் நான் சொல்லவில்லை. ஆலையில் வேலை பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சளி என்று சொல்லி நிவேஸ் வீட்டுக்குப் போகவில்லை. மூக்குக்காரிக்குச் சளி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நிறைய. வாயைத் திறந்தால் தெல்மோவின் ஒயினும் மாட்டும். அவன் என்ன செய்தான்? க்ரிபாவ்தோ தலைகுனிவார். குழுவின் தீர்ப்புக்கே ஊரில் மரியாதை போகும். ஒவ்வொன்றும் அடுத்தவர் நலம். ராத்திரி விளக்கை அணைத்ததும் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஒன்று நிற்கும்: என்னை இனி யாரும் மூக்கு என்று கூப்பிடமாட்டார்கள்.

அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதைத் தொட எனக்குப் பல நாள் பிடித்தது. ஆறாவது கோப்பை நிவேஸுடையது என்று தெரியாமல்தான் தள்ளினேன். ஆனால் அதில் எதைத் தேடி, எது இல்லையென்று தள்ளினேன்? அந்தக் காலையில் நான்காவதை முகர்ந்தபின் மீதி எல்லாக் கோப்பையிலும் அவனையே தேடினேன். ஆறாவதில் அவன் இல்லை. அவன் இல்லாத ஒரு நல்ல ஒயினை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 'இடத்தின் அடையாளம்' என்று நான் எழுதவைத்தது என் தம்பியின் பெயரை. இரண்டரை வருஷமாக அவன் படியில் கால் வைக்காத நான், வேறொருத்தி தினமும் ஏறி இறங்கி, அவன் விட்ட இடத்திலிருந்து பிடித்து எடுத்து வந்ததை, அவனுடையது மாதிரி இல்லை என்று ஒதுக்கினேன்.

இருபத்தெட்டாவது நாள் மாலை, மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில், போனேன். நிவேஸ் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சளி போச்சா?"

"கீழ போலாம்," என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

அந்தப் படி ஏழாவது. எனக்கு எண்ணிக்கை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன், கால் தானாகவே எண்ணியது. நிவேஸ் அதில் மிதித்து இறங்கிப் போனாள், மற்றப் படிகளைப் போலவே. நானும் மிதித்தேன்.

உள்ளே வெள்ளையடித்திருந்தாள். பெரிய பீப்பாய் இருந்த மூலையில் சின்னதாக இரண்டு பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் சாக்கட்டியில் தேதிகள். எவாஸியோ எதையும் எழுதிவைத்ததில்லை. இங்கே சுவரில்கூட ஒரு தாள் தொங்கியது. ரொட்டிக்கடைக் கையெழுத்தில், எந்த நாள் என்ன செய்தாள், வெளியே என்ன குளிர் என்று.

அவள் பீப்பாயிலிருந்து குழாயால் எடுத்துக் கோப்பையில் விட்டாள். முகர்ந்தேன். தீக்குச்சி. கோப்பையைக் கையால் மூடி நன்றாகக் குலுக்கினேன், அவளிடமிருந்து இன்னொரு கோப்பை வாங்கி உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றினேன், சூடான பாலை ஆற்றுவது மாதிரி. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகர்ந்துவிட்டு அவளிடம் நீட்டினேன்.

முகர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது. "போயிடுச்சு."

"இவ்வளவுதான். காத்து படணும்."

"நவம்பர்ல இதைத்தான் உன்கிட்ட கேக்க வந்தேன்."

"தெரியும்."

"கையைத் தூக்கிட்ட."

"நிவேஸ், அந்தக் கடுதாசில இருக்கறது என் வாக்கியம்."

அவள் கோப்பையைப் பீப்பாய்மேல் வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது கோப்பை, ஆறாவது கோப்பை, காதுச் சூடு. க்ரிபாவ்தோ மறுபடி கொண்டுவரட்டும் என்று சொன்னதையும் நான் விடாததையும். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை ஒன்று நாக்கில் வந்தது. அதைச் சொன்னால் பதில் சொல்லும் பாரமும் அவள் தலையில் விழும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப அஞ்சு பேர் சொல்லல," என்றாள் கடைசியில். "ஒருத்தி சொன்னா."

"ஆமா."

"நான் இத்தனை நாளா என் கையைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், க்ளேலியா. ராத்திரி எல்லாம். இந்தக் கையைப் பாத்துட்டு." கையை நீட்டிக் காட்டவில்லை. ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "உனக்குச் சளி."

மேலே போனதும் அவள் மேசையைத் துடைத்து, தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மேல்முறையீட்டை நீ எழுது. உனக்குத்தான் வாக்கியம் நல்லா வருமே. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். அவள் அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தட்டு வைக்கவில்லை. எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தாள், ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "'தாழ்மையுடன்'ங்கறதை எடு."

எடுத்தேன்.

மறுநாள் குழுவிலிருந்து விலகிக்கொள்வதாக க்ரிபாவ்தோவுக்கு எழுதினேன். ஒரு கோப்பையைத் தெரிந்தது என்று நினைத்தும் கையைத் தூக்கவில்லை, அடுத்த தீர்ப்பும் அதனால் கோணலாயிற்று என்று எழுதினேன். எந்த எண் என்று எழுதவில்லை. அவர் போன் செய்தார்.

"இப்படியெல்லாம் எழுதிக் கொடுத்தா, நாங்க எல்லாருமே மூட்டை கட்ட வேண்டியதுதான். யாருக்குத்தான் மூக்குல சொந்தக்காரங்க இல்ல? எந்தக் கோப்பைன்னு சொல்லுங்க, பாத்துக்கலாம்."

"அதைக் கேக்காதீங்க, க்ரிபாவ்தோ," என்றேன். ஆகவே தெல்மோவின் ஒயின் நாடாவோடு கடைக்குப் போயிற்று. ஊரில் யார் வீட்டு மேசையில் அந்தப் புட்டியைப் பார்த்தாலும், அதன் கழுத்தில் என் கையெழுத்து இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாததைச் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

*

மேல்முறையீட்டில் வேறு ஆட்கள், வேறு ஊர். ஊற்றிவைத்துவிட்டுச் சற்றுப் பொறுமையாகக் காத்திருந்தார்களோ என்னவோ, மே மாதம் 'தகுதி' என்று ஒரு சொல்லோடு பதில் வந்தது. சூரிக் வியாபாரி அதற்குள் வேறிடத்தில் வாங்கிவிட்டிருந்தார். நிவேஸ் தானே பெட்டிகளை வண்டியில் ஏற்றி, ஆல்பா நகரத்தில் உணவகம் உணவகமாகப் போய் விற்றாள். நிலம் அவளிடமே இருக்கிறது. இவற்றைத் தெல்மோ வாயிலாகத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் கடைசியில் கூப்பிட்டாள்.

மேசையில் ஒரு தட்டில் முட்டை நூடுல்ஸ், வெண்ணெய் மினுக்க. பக்கத்தில் இரண்டு கோப்பைகள். புட்டி எதுவும் கண்ணில் படவில்லை.

"உக்காரு," என்றாள். எதிரில் அவளும் உட்கார்ந்தாள். "சொல்லு."

இடதுபக்கக் கோப்பையைத் தூக்கவேகூட வேண்டியிருக்கவில்லை. ஈர இரும்பு, கயிறு, காடி. வலதுபக்கக் கோப்பையை எடுத்தேன். தீக்குச்சி வாடையின் சுவடே இல்லை. ரோஜா, கொஞ்சம் தார், ஆரஞ்சுத் தோல். துவர்ப்பு இன்னும் பிடித்தது, ஆனால் பிடித்துவிட்டு விட்டது.

"இது தெல்மோ. இது உன்னோடது."

"அதைச் சொல்ல நீ எதுக்கு? தெல்மோ பொண்டாட்டியே சொல்லிடுவா." முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். "என்னோடதுல அவரு இருக்காரா?"

மறுபடி முகர்ந்தேன். அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்று தெரிந்தது. இருக்கிறான் என்று சொன்னால் அன்பாகக் கேட்டிருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை வைத்துத்தான் அது பொய் என்று தெரிந்துகொண்டேன்.

"இல்ல."

"நல்லா பாரு."

"இல்ல, நிவேஸ். நீதான் இருக்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொடிகள் அந்த வருஷம் அடர்ந்து பச்சை ஏறியிருந்தன. பிறகு கரண்டியை எடுத்து என் தட்டில் பரிமாறினாள், நிறையவே.

"சரி, சாப்பிடு. ஆறிடும்."

அவளுடைய ஒயினைச் சாப்பாட்டோடு குடித்தேன். கடைசியில், அவள் பாத்திரம் கழுவத் திரும்பியபோது, மற்றக் கோப்பையையும் எடுத்தேன். காடி தொண்டையை அறுத்தது. துப்பப் பாத்திரம் இல்லை. அடிவரை குடித்தேன்.